மஸ்கட்டுக்கு ஒரு ஜெபம்

இந்தக் கோடையிலே பரலோகத்தின் வாசல் திறந்தது, திறந்து, பெருமாள்மலையிலே நம் சபைப் பிள்ளைகள் மேல் ஆசீர்வாதம் மழையாகக் கொட்டியது என்று பீடத்தில் நின்று இரண்டு கைகளையும் விரித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார் சபைக் குருவானவர் கிதியோன் ஐயர், முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ரூபவதி டீச்சருக்கோ வாசல் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணுக்குள் வந்து நிற்பது ஒரே ஒரு வாசல்தான், மலையில் அந்தப் பழைய மிஷன் பங்களாவின் பின்பக்கத்துக் குளியலறை, தாழ்ப்பாள் உடைந்த கதவு, தண்ணீரில் ஊறி ஊறி அடிப்பலகை உப்பிப்போய், சாத்தினால் சாத்தியபடி நிற்காமல், லேசாகக் காற்றடித்தாலும் கொட்டாவி விடுகிற மாதிரி மெல்ல வாயைத் திறக்கிற கதவு, அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் வாளியின் மேல் டீச்சர் உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே ஒரு பிள்ளை குளிக்கிறது, மற்ற பெண்பிள்ளைகள் தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக நடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், பனி இறங்குகிறது, யூக்கலிப்டஸ் வாசனை, விறகுப் புகை, சமையல்கட்டில் ரவை வறுபடுகிறது. ஐயர் சொன்ன மழையும் கொட்டியதுதான், இல்லையென்று சொல்லமுடியாது, படுக்கிற ஹாலில் பல இடத்தில் ஒழுகியது, ஆனால் அதற்கு ஐயர் சாட்சியில்லை, அவர் தொடக்க நாளன்று மேலே வந்து, நிதானமாகப் பிரசங்கித்து, மதியம் கோழிக்குழம்பு சாப்பிட்டு, குளிர் மூட்டுக்கு ஆகாது என்று சாயங்காலப் பஸ்ஸில் இறங்கிப்போனவர், பரலோகம் திறந்தது அவர் பஸ் ஏறிய பிறகாக இருக்கவேண்டும்.

இன்றைக்குக் கோடை முகாம் ஸ்தோத்திர ஆராதனை, நன்றி சொல்லுகிற ஞாயிறு, டீச்சருக்கும் நன்றி உண்டு, நெஞ்சு முட்ட உண்டு, அதுதான் சங்கடமே, நன்றியில்லாமல் இருந்தால் இந்த பெஞ்சில் இப்படி நெளியவேண்டியதில்லை, மற்றவர்களைப் போல விசிறியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். முகாமில் அவள் பதவிக்குக் கேம்ப் அம்மா என்று பெயர், எண்ணெய் தேய்க்கவும் காய்ச்சல் தொட்டுப் பார்க்கவும் காணாமல்போன ஒற்றைச் சாக்ஸைக் கண்டுபிடிக்கவும் ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள், ஊரில் அவள் வீட்டில் பேச்சு என்றால் வாரத்துக்கு ஒருதரம் சென்னையிலிருந்து மகன் போனில் கேட்கிற சாப்டியாம்மா மட்டும்தான், சாப்பிட்டேன் என்றால் அதோடு முடிந்தது, மலையிலோ விடிந்ததிலிருந்து டீச்சர் டீச்சர் டீச்சர், டீச்சர் இவ என் பாயில படுக்கா, டீச்சர் எனக்கு உப்புமா வேண்டாம், டீச்சர் குரங்கு என் பேஸ்ட்டைத் தின்னுட்டு, அவள் அதட்டுவாள், அதட்டிக்கொண்டே உள்ளுக்குள் ஒரு கருப்பட்டிக் காப்பி இறங்குகிற மாதிரி இருக்கும், கைகொட்டிக் குதிக்கிற பாட்டு ஒன்றுக்கு இந்த வயதில் அவளும் குதித்தாள், முழங்கால் கடகடவென்று சத்தம் போட்டது, பிள்ளைகள் அதற்கும் கைதட்டினார்கள், இதற்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லவேண்டும், சொல்லவேண்டும் என்று நினைக்கும்போதே கழுத்து தானாக வலதுபக்கம் திரும்பப் பார்க்கிறது, திருப்பக்கூடாது என்று பிடித்துவைத்திருக்கிறாள், அங்கே நடுவரிசையில் பெர்சிஸ் உட்கார்ந்திருக்கிறாள், அவள் அம்மா பக்கத்தில்.

பெர்சிஸ், எட்டாம் வகுப்பு முடித்தவள், லில்லி புஷ்பத்தின் ஒரே மகள், லில்லி புஷ்பத்தைச் சபையில் தெரியாதவர் கிடையாது, புருஷன் ஜெயசிங் மஸ்கட்டில் இருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்து வெகுகாலமாகிவிட்டது, லீவு கிடைப்பது லேசில்லை, ஆனால் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் மஸ்கட் பேரீச்சம்பழம் என்று வீடு வீடாக ஒரு பொட்டலம் வந்துவிடும், ரூபவதி டீச்சர் அதில் ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடி, என்ன இருந்தாலும் அந்த மண்ணோட ருசி இங்க உள்ளதுல வராது புஷ்பம் என்று சொல்லுவாள், வருஷா வருஷம் சொல்லுவாள். மலையில், பெற்றோர் போன் பண்ணலாம் என்று விட்டிருந்த நாளுக்கு மறுநாள் காலை, வரிசையில் கடைசியாகக் குளிக்கப் போனது பெர்சிஸ், குளியலறைக்குள் நிற்கிற பிள்ளை முகத்தைக் காட்ட வேண்டியதில்லை, அதனாலோ என்னவோ அந்தக் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்து பிள்ளைகள் என்னென்னவோ சொல்லுவார்கள், சோப்பை எடுத்தது யார், யாருக்கு யாரைப் பிடிக்காது, யார் பாயை நனைத்தது, டீச்சரும் கதவைப் பிடித்தபடி உம் கொட்டுவாள், பேச்சுக்குத்தான் கேட்டாள், ஏட்டி பெர்சிஸ், நேத்து எல்லாருக்கும் வீட்லருந்து போன் வந்துச்சே, அப்பா மஸ்கட்லருந்து கூப்பிடலியா, உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது, கப்பு வாளியில் மிதந்து விளிம்பில் தட்டுவது மட்டும் கேட்டது, டீச்சர், வெளிய யாரும் நிக்காவளா, யாரும் இல்லட்டி, நீதான் கடைசி, அப்பா மஸ்கட்ல இல்ல டீச்சர், பின்ன எங்க, திருப்பூர்ல, எப்பட்டி திரும்பி வந்தாவ, போகவே இல்ல டீச்சர், விசா எடுக்கப் போறேன்னு போனாவ, அங்க ஒரு அக்கா கூட இருக்காவ, குட்டிப் பாப்பா ஒண்ணு இருக்கு, அம்மா யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிருக்கா, அந்தப் பேரீச்சம்பழம்கூட பாளையங்கோட்டையில வாங்குறதுதான் டீச்சர்.

டீச்சருக்கு முதலில் உறைத்தது பேரீச்சம்பழம்தான். அதை நினைத்தால் இந்த பெஞ்சில் இப்போதும் காதுமடல் சுடுகிறது, ஒரு பிள்ளை ஈரத்தலையோடு நின்று தன் வீட்டையே எடுத்துக் கையில் கொடுக்கிறது, இவளுக்கு மண்ணின் ருசி ஞாபகம் வருகிறது, அப்புறம்தான் நெஞ்சு இளகியது, இளகியது பொய்யில்லை, கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அழாதட்டி, சளி பிடிச்சிரும், உள்ளே இருந்து, ஜெபம் பண்ணுங்க டீச்சர், ஆனா யார்ட்டயும் சொல்லிராதீங்க, நான் யார்ட்டட்டி சொல்லப் போறேன், ஆண்டவர்ட்ட மட்டும் சொல்லுதேன், போதுமா. சொன்ன சொல்லை ரூபவதி டீச்சர் காப்பாற்றினாள், யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, ஆண்டவரிடம் மட்டும்தான் சொன்னாள், கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

சங்கிலி ஜெபம் என்று ஒன்று உண்டு, எல்லோரும் வட்டமாக நின்று கையோடு கை கோத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள், ஒருவர் ஜெபித்து முடித்ததும் அடுத்து நிற்பவர் கையை ஓர் அழுத்து அழுத்துவார், இனி உன் முறை என்று அர்த்தம், ஜெபிக்க வராத பிள்ளைகள் பேசாமல் அடுத்த கையை அழுத்திவிட்டுத் தப்பிக்கலாம், பெரியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, பெரியவர்களின் ஜெபத்துக்குத் தரம் உண்டு, பேர் உண்டு, ஐயரம்மா ஜெபித்தால் கண்ணீர் வரும், ரூபவதி டீச்சர் ஜெபித்தால் விவரம் வரும் என்று சபையில் ஒரு பேச்சு, சொன்னவர்கள் என்ன நினைத்துச் சொன்னார்களோ, டீச்சர் அதைப் பாராட்டாகவே வாங்கி வைத்திருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் முற்றத்தில் விறகு அடுக்கித் தீ மூட்டியிருந்தார்கள், டீச்சருக்கு வலதுபக்கம் ஐயரம்மா, கணவர் இறங்கிப்போனபிறகும் மலையில் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர், இடதுபக்கம் பெர்சிஸ், அவளாகவே வந்து நின்று கையைக் கொடுத்தாள், சூடான சின்னக் கை, சிவப்பு ஸ்வெட்டரின் கை பெரிதாக இருந்ததால் விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஐயரம்மா தொடங்கினார், கடலில் தத்தளிக்கிற மீனவர்களுக்காக, ஆஸ்பத்திரிக் கட்டில்களில் கிடக்கிறவர்களுக்காக, சிறைகளில் இருக்கிறவர்களுக்காக, பூமியின் நான்கு திசைகளிலும் பசித்திருக்கிற குழந்தைகளுக்காக, எந்த இடத்தில் உடையவேண்டுமோ அந்த இடத்தில் குரல் உடைந்தது, பிள்ளைகள் மூக்கை உறிஞ்சினார்கள், ஆமென் சொல்லி டீச்சரின் கையை அழுத்தினார், பாந்தமான அழுத்து, முடிந்தால் மிஞ்சு பார்ப்போம் என்கிற மாதிரி டீச்சருக்குப் பட்டது. உலகம் முழுவதையும் ஐயரம்மா எடுத்துக்கொண்டுவிட்டார், டீச்சருக்கு மிச்சமிருந்தது பக்கத்தில் இருந்ததுதான்.

அன்பின் ஆண்டவரே, என்று தொடங்கியபோது அவள் மனதில் ஒன்றுமில்லை, சத்தியமாக ஒன்றுமில்லை, பிறகு வாய் தானாகத் திறந்துகொண்டது, எங்கள் நடுவிலே ஒரு சிறுமகள் இருக்கிறாள், பேர் வேண்டாம் அப்பா, பேரை நீர் அறிவீர், இதோ சிவப்பு உடுப்புக்குள்ளே நடுங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பாலகி, இவள் தகப்பன் கடல் கடந்து உழைப்பதாக ஊர் நம்புகிறது, உமக்கு மறைவானது ஒன்றுமில்லை, அது மஸ்கட் அல்ல என்று நீர் அறிவீர், அது திருப்பூர், அங்கே ஒரு ஸ்திரீ, அவள் இடுப்பிலே ஒரு குழந்தை, இந்த மகளின் தாயோ பேரீச்சம்பழத்தினாலே தன் கண்ணீரை மறைக்கிறாள், எல்லாம் அறிந்தவருக்கு டீச்சர் விலாசம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இடதுகையில் அந்தச் சின்ன விரல்கள் மெல்ல நழுவப் பார்த்தன, ஆவியானவர் பிள்ளையை அசைக்கிறார் என்று நினைத்து டீச்சர் இன்னும் இறுக்கிப் பிடித்தாள், எங்கோ ஒரு விம்மல் கேட்டது, சமையல்காரர்கூட ஸ்தோத்திரம் என்றார், குரல் அவளுக்கே பிடித்திருந்தது, பேரீச்சம்பழம் வந்து விழுந்த இடம் ரொம்பவே பிடித்திருந்தது, இதைத்தான் அவளால் யாரிடமும் சொல்லமுடியாது, ஆண்டவரிடம்கூட, மெதுவாகக்கூட. ஆமென் என்று முடித்து, முறைப்படி இடதுகையை ஓர் அழுத்து அழுத்தினாள், பெர்சிஸ் அடுத்த கையை அழுத்தவில்லை, சங்கிலி அங்கேயே நின்றது, விறகு ஒன்று வெடித்தது, டீச்சர் கண்ணைத் திறந்தபோது வட்டத்தில் பிள்ளைகள் எல்லோரும் ஏற்கெனவே கண்ணைத் திறந்துதான் இருந்தார்கள், எல்லோரும் அந்த ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தீ வெளிச்சத்தில் அது இன்னும் சிவப்பாக இருந்தது. ஐயரம்மா குனிந்து டீச்சர் காதில், உங்க ஜெபத்துல ரொம்ப விவரம் டீச்சர் என்றார், அன்றைக்குத்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் புரிந்தது.

மறுநாள் காலைத் தியானத்துக்கு நாவடக்கம் என்று தலைப்பு, முகாம் தொடங்கும் முன்பே யாரோ அச்சடித்து, யாரோ டீச்சர் பெயரை எதிரில் போட்டிருந்தார்கள், மாற்றிக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள், நடத்தினாள், உதட்டில் விரல் வைத்துப் பாடுகிற பாட்டு ஒன்றும் சொல்லிக்கொடுத்தாள், பிள்ளைகள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். குளிக்கிற நேரத்தில் வழக்கம்போல வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள், பெர்சிஸ் வந்தாள், உள்ளே போனாள், கதவைப் பிடிக்க டீச்சர் கையை நீட்டுவதற்குள் உள்ளேயிருந்து துண்டு ஒன்று தாழ்ப்பாள் ஓட்டை வழியாக வந்து, கதவிடுக்கு வழியாகத் திரும்ப உள்ளே போய், அங்கிருந்த ஆணியில் முடிச்சு விழுந்தது, ஏட்டி நான் பிடிச்சுக்கிடுதேன்லா, வேண்டாம் டீச்சர், கட்டிட்டேன், அவ்வளவுதான், அப்படிக் கட்டலாம் என்று அதுவரை ஒருத்திக்கும் தோன்றியதில்லை, அதற்குப்பின் வரிசையில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் அப்படியே கட்டிக்கொண்டார்கள், டீச்சர் வாளியின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் கெர்சோம் என்கிற வாயாடிப் பயல், ஏ மஸ்கட், அந்தச் சாம்பார் வாளியத் தள்ளு என்றான், சிரிப்பு எழுந்தது, ஏல என்னல பேச்சு இது என்று டீச்சர் கத்தப்போனாள், கத்த வாய் வரவில்லை, அந்தப் பேரை அவனுக்குக் கொடுத்ததே அவள் வாய், பெர்சிஸ் நிதானமாக வாளியைத் தள்ளிவிட்டு, உனக்குத் தட்டுல ஊத்தவா தலையில ஊத்தவா என்று கேட்டாள், அதற்கும் சிரிப்பு, டீச்சர் செய்ததெல்லாம் அன்று மதியம் குழம்பு பரிமாறும்போது துழாவித் துழாவிப் பார்த்துக் கோழிக்கால் ஒன்றைப் பெர்சிஸ் தட்டில் வைத்தது, பெர்சிஸ் அதை எடுத்துப் பக்கத்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு வெறும் குழம்பில் சோற்றைப் பிசைந்தாள்.

ஊர் திரும்பியபின்பும் அந்தக் கதவு அவளை விடவில்லை, கனவில் வருகிறது, கனவில் குளியலறைக்குள்ளே நிற்பது டீச்சர், ஈரமாக, வெளியே வாளியின் மேல் உட்கார்ந்து கதவைப் பிடித்திருப்பது பெர்சிஸ், யாரும் இல்ல டீச்சர் சொல்லுங்க என்கிறாள், டீச்சர் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், சொல்லச் சொல்லத் தண்ணீர் ஏறுகிறது, சொல்வதெல்லாம் சபைக் கோயில் கோபுரத்து ஒலிபெருக்கியில் கேட்கிறது, மீன்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். லில்லி புஷ்பத்தின் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்துவிடலாமா என்று தெருமுனைவரை போனாள், போய் என்னவென்று விழுவது, மன்னிச்சிரு புஷ்பம் என்றால் எதுக்கு டீச்சர் என்று கேட்பாள், எதற்கு என்று சொன்னால் இன்னொருதரம் சொன்னதாகிவிடும், அதனால் தக்காளி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். அதன்பின் அவள் செய்ததுதான் எல்லாவற்றிலும் மட்டம், முகாமின் சிறந்த பிள்ளைக்கான கோப்பை யாருக்கு என்று ஐயரம்மாவும் அவளுமாக உட்கார்ந்து முடிவுசெய்தபோது, பெர்சிஸுக்குக் கொடுத்துருவோம் என்றாள், கோழிக்கால் எடுபடவில்லை, கோப்பையாவது எடுபடாதா என்று, ஐயரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை வெகுநேரம் பார்த்துவிட்டு, கொடுப்போம், நல்ல பிள்ளைதான் என்றார், அப்போது டீச்சருக்கு மறந்தே போயிற்று, சிறந்த பிள்ளையென்று பேர் வாங்குகிற பிள்ளை ஸ்தோத்திர ஆராதனையில் சபைக்கு முன் நின்று சாட்சி சொல்லவேண்டும், அது வழக்கம், மலையில் தனக்கு என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

ஒளிக்காமல் நம் மகள் பெர்சிஸ் இப்போது சாட்சி பகருவாள் என்கிறார் ஐயர், மின்விசிறிகள் சுற்றுகின்றன, பெர்சிஸ் எழுந்து வருகிறாள், வெள்ளைப் பாவாடை, இரட்டைப் பின்னல், நடக்கும்போது டீச்சரைப் பார்க்கவில்லை, சொல்லட்டும், சொல்லிவிடட்டும் என்று டீச்சர் நினைக்கிறாள், சொன்னால் எழுந்து வெளியே போய்விடலாம், இந்த ஊரைவிட்டே சென்னைக்குப் போய்விடலாம், உடனே நடுவரிசையில் லில்லி புஷ்பம் ஞாபகம் வருகிறது, இந்தப் பிள்ளை ஆத்திரத்தில் டீச்சர் என்ன செய்தாள் என்று சொன்னால் அதோடு சேர்ந்து லில்லி புஷ்பத்தின் இத்தனை வருஷத்து மஸ்கட்டும் இடிந்து விழும், ஆண்டவரே இவள் வாயைக் கட்டும் என்று ஜெபிக்கிறாள், மனசுக்குள், வாழ்க்கையில் முதல்முறையாக நான்கே வார்த்தையில். பெர்சிஸ் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள், அது கீச்சிட்டது, எல்லாருக்கும் ஸ்தோத்திரம், கேம்ப்ல குளிரு நல்லா இருந்துச்சு, நிறைய பாட்டு படிச்சோம், எங்க அப்பா மஸ்கட்ல வேலை பாக்காங்க, டீச்சர் சட்டென்று முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த முகாம் பிள்ளைகளைப் பார்த்தாள், ஒருத்தன் களுக்கென்று சிரித்தால் போதும், அங்க ரொம்ப வெயிலு, நம்மளவிட ஒன்றரை மணி நேரம் பிந்திதான் அங்க விடியும், அதனால எங்கள நினைச்சு அவுங்க ஜெபம் பண்ணுதப்ப நாங்க பள்ளிக்கூடத்துக்கே போயிருப்போம், ரூபவதி டீச்சர் எங்க அப்பாவுக்காக எல்லார் முன்னாடியும் ஜெபம் பண்ணுனாங்க, இங்கே சிறிது நிறுத்தி, எல்லார் முன்னாடியும் என்று இன்னொருதரம் சொன்னாள், அதுக்காக டீச்சருக்கு நன்றி, ஆமென்.

கெர்சோம் சிரிக்கவில்லை. சாம்பார் வாளிக்குச் சிரித்த ஒருத்தரும் சிரிக்கவில்லை, முதுகை நிமிர்த்தி, பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, எப்போது பேசி வைத்தார்கள், அந்தப் பொய்யைக் கோயிலுக்குள் ஆளுக்கொரு மூலையாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தர்கூடக் கையை ஆட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், கெர்சோம்தான் முதலில் ஆமென் என்றான், பின்னால் சபை முழுவதும் ஆமென், இதற்குள் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அம்மாவிடம் சொல்லியிருக்குமோ, எத்தனை அம்மாக்கள் அடுத்த வீட்டில் சொல்லியிருப்பார்களோ, தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே மாதிரிதான் ஆமென் சொன்னார்கள், பிரித்துப் பார்க்க முடியவில்லை, ஐயரம்மாவின் கண்ணில் இந்தமுறை நிஜமாகவே தண்ணீர், அதற்காக அவர் குரலை உடைக்கவில்லை, லில்லி புஷ்பம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்துக் கைகூப்புகிறாள், டீச்சருக்கு அதைத் திருப்பிக் கும்பிடுவதற்குக் கை எழவில்லை, தூக்கினால் அதுவும் ஒரு பொய், தூக்காவிட்டால் மரியாதையில்லை, விசிறியை எடுத்து முகத்துக்கு முன்னால் ஆட்டிக்கொண்டாள். இந்தக் கோடைக்காக ஸ்தோத்திரம் என்று ஐயர் சொல்ல, சபை திருப்பிச் சொல்ல, அவளும் சொன்னாள், அந்த ஒரு ஸ்தோத்திரத்தை மட்டும் அவள் கடன்போல இல்லாமல் சொன்னாள், இந்தப் பிள்ளைகளுக்காக என்று சொன்னாள், வாய் அசையாமல்.

ஆராதனை முடிந்து வெளியே காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கிவிட்டது, பூசணிக்காயைத் தூக்கிக் காட்டி யாரோ கூவுகிறார்கள், கட்டிப்போட்ட சேவல் ஒன்று அதற்கு மேல் கூவுகிறது, யார் கண்ணிலும் படாமல் கல்லறைத் தோட்டத்துப் பக்கமாக நழுவலாம் என்று டீச்சர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே லில்லி புஷ்பம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள், எங்க வீட்டாவளுக்காக ஜெபிச்சியளாமே டீச்சர், இந்தப் பிள்ள வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லல பாருங்க, வாயே திறக்க மாட்டா, இன்னைக்குத்தான் எனக்கே தெரியும், ஒண்ணுமில்ல புஷ்பம், அது சும்மா, ஒரு ஜெபம், சும்மாவா டீச்சர், யாருக்கு யாரு இருக்கா, எனக்காக இப்ப ஒருக்கா ஜெபிச்சிருங்க டீச்சர், இங்க வச்சே, சின்னதா, அவியளுக்கு உடம்பு சொகமா இருக்கணும்னு, அந்த முகத்தில் டீச்சர் தேடிப் பார்த்தாள், தெரிந்துதான் கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா, பவுடர் பூசிய முகம், கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒன்றும் சொல்லவில்லை அந்த முகம், பின்னால் பெர்சிஸ் நிற்கிறாள், இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, அதனால் அவளிடம் கொடுக்கக் கை இல்லை, டீச்சர் கண்ணை மூடினாள்.

அன்பின் ஆண்டவரே, என்று தொடங்கி நின்றாள், விவரம் ஒன்று வேண்டும், விவரம் ஒன்றும் இருக்கக்கூடாது, தொண்டைக்குள் திருப்பூர் வந்து உட்கார்ந்திருந்தது, விழுங்கினாள், துபாய் தேசத்திலே, மஸ்கட் பட்டணத்திலே, கடும் வெயிலிலே உழைக்கிற உம்முடைய மகன் ஜெயசிங்கை நினைத்தருளும், அவருக்கு நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமும் கொடும், சீக்கிரம் லீவு கிடைக்கச்செய்யும், கட்டிடத்தின் மேலேறி நிற்கிறவருக்குக் கால் வழுக்காமல் காத்தருளும், அவருக்கு என்ன வேலையென்று சபைக்குச் சொல்லியிருந்தார்கள் என்பது அவளுக்கு நினைவில்லை, கட்டிடம் என்று வைத்துக்கொண்டாள், தெரிந்த உண்மையை ஆண்டவரிடம் சொன்னபோது வராத நடுக்கம் இந்தப் பொய்யைச் சொல்லும்போது உள்ளங்கால்வரை வந்தது, ஆனாலும் சொன்னாள், ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஆமென். பெர்சிஸின் ஆமென்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது. லில்லி புஷ்பம் மனசு லேசாயிட்டு டீச்சர் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, முருங்கைக்காய் ஏலம் முடிவதற்குள் போகவேண்டும் என்று விரைந்தாள், பெர்சிஸ் மட்டும் நின்றாள், மலையில் துண்டால் கதவைக் கட்டிக்கொண்ட நாளுக்குப்பின் அவள் டீச்சரின் முகத்தை நேராகப் பார்ப்பது இதுதான் முதல்தரம், மன்னிச்சிரு என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தாள், அதற்குள் அவள் முந்திக்கொண்டாள், சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, டீச்சர், மஸ்கட் துபாய்ல இல்ல, ஓமான்ல இருக்கு, துபாயே ஒரு நாடு கெடையாது, அப்பா கட்டிட வேலையும் இல்ல, ஏசி மெக்கானிக்கு, யாரும் கேட்டா இனிமே மாத்திச் சொல்லிராதீங்க என்றாள்.

ரூபவதி டீச்சர் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை நடத்தியது பூகோளம்.